வேலைக்கு ஆகாத படகு

சென்ற வாரம் ஜெயந்தி போன் செய்தாள். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். எங்கள் பஸ் கம்பெனிக்குப் புது மென்பொருள் வருகிறதாம். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று வானத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுமாம். அதற்காகப் பழையதில் உள்ள வண்டிகளை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தவள் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டாள்.

"மேடம், சிதம்பரம் ரூட்ல ஒரு வண்டி ஜாஸ்தியா இருக்குது. நம்பர் இல்ல, ட்ரைவர் இல்ல, கண்டக்டர் இல்ல. ஒரு நாள்கூட கலெக்‌ஷன் கட்டுனது இல்ல. ஆனா ஓடிக்கிட்டே இருக்குது. இது இன்னா தப்பு மேடம்? எடுத்துடட்டுமா?"

அடுப்பில் பால் இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. எழுந்தேன். வாசல் வரை போனேன். செருப்பை மாட்டினேன், கழற்றினேன். அந்த வண்டியை அங்கே விட்டுவைத்தவள் நான்தான். அது வண்டியும் இல்லை, படகு. எடுக்கலாமா கூடாதா என்று சொல்வதற்கு முன்னால் அது எதற்காக அங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அது எதற்காகவும் இல்லை. இந்தச் சின்ன வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் என் உத்தியோகத்தில் பாதி கழிந்தது.

படித்த கதையை நீட்ட வேண்டியதில்லை. கடலூருக்கு வடக்கே கடலோரக் கிராமம், அப்பாவுக்குப் படகு, எனக்குக் கணக்குப் பட்டம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார்கள். அதே தெருவின் கோடியில் இருந்த பஸ் கம்பெனியில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டார்கள். உறையைக் கழற்றத் துணிந்தவள் நான் என்பதால் ப்ரோகிராமரும் நானே ஆனேன். பிறகு வருஷக்கணக்கில் ஒரே பாட்டு. நடத்துநர்கள் கொண்டுவரும் கணக்கு, டீசல், ஆள்களின் தினப்படியான பேட்டா, யாருக்கு எந்த வண்டியில் டூட்டி. ஜன்னலுக்குக் கீழே பஸ் ஸ்டாண்டு. ஹாரன் சத்தத்திலேயே எந்த வண்டி என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் மேலாளர் நடேசன் சார். அவரைப்பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காதில் செருகிய பென்சிலோடு மேசை மேசையாக நின்றுகொண்டே வேலை பார்ப்பார். எந்தக் காகிதத்தையும் கடைசி வரியிலிருந்துதான் மேலே படித்துக்கொண்டு போவார். கூட்டுத்தொகை பொய்யாக இருந்தால் மேலே உள்ளதைப் படித்து என்ன பிரயோஜனம் என்பது அவர் கட்சி. குரலை உயர்த்தியதே கிடையாது. அவரிடம் ஒரே ஓர் ஆயுதம்தான் உண்டு: "அப்புறம்?" நாம் ஒன்று சொல்வோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" இன்னொன்று சொல்வோம். மறுபடியும் "அப்புறம்?" நம்மிடம் இருக்கிற நிஜமெல்லாம் தீர்ந்து, சொல்லக் கூடாதென்று நினைத்திருந்ததும் வெளியே வந்து விழும்வரை விடமாட்டார். டீசல் திருடிய ஓர் ஓட்டுநர், சார் கேட்கும் முன்பே மூன்று அப்புறத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டு அழுதது இன்றும் கம்பெனியில் ஒரு கதை.

2004 முடிகிற வாரத்தில் கடல் எங்கள் ஊருக்குள் வந்தது. அப்பா, அம்மா, தம்பி பிழைத்தார்கள், வீடு இல்லை. எங்கள் வண்டிகள் ஆள்களையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு ஓடின, நான் மேலே உட்கார்ந்து அதற்கும் டூட்டி போட்டேன். பிறகு பொங்கல், பிறகு மார்ச், வருஷக் கணக்கை மூடும் வேலை. ஏப்ரலில் ஒருநாள் எதையோ தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திப் பார்த்தேன். திரையில் ஒன்றுமே இல்லை. விரல்கள் மட்டும் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தன. சோற்றைப் பிசையும்போதும் ஓடின. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் கம்பிமேல் ஓடின. உடம்புக்குள் யாரோ எஞ்சினை அணைக்க மறந்துவிட்டுப் போன மாதிரி.

அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. ஓய்வு வேண்டும் என்றல்ல. எனக்கே எனக்கென்று ஒரு ப்ரோகிராம் எழுத வேண்டும் என்று. அதில் பேட்டா இருக்கக் கூடாது, டீசல் இருக்கக் கூடாது, கடைசி வரியில் கூட்டுத்தொகை இருக்கக் கூடாது.

எங்கள் கம்பெனியில் லீவுக்கு நாலே காரணம்தான் செல்லும்: கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில். என்னிடம் நாலும் இல்லை. நடேசன் சாரிடம் போய் மே மாதத்தில் பத்து நாள் வேண்டும் என்றேன். அப்புறம் என்றார். சிதம்பரத்தில் ஒரு தோழி இருக்கிறாள், அங்கே போகிறேன் என்றேன். அப்புறம் என்றார். மூன்றாவது அப்புறத்தில் வந்து விழுந்தது.

"ப்ரோகிராம் எழுதணும் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க இன்னா எழுதிக்கிட்டு இருக்கீங்க?"

"இது கம்பெனிக்கு சார்."

"அது யாருக்கு?"

"தெரியல சார். யாருக்கும் இல்ல."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் காரணம் என்ற இடத்தில் தானே எழுதினார். "சிதம்பரம்தான? கோயில்னு போட்டுடறேன். பொய் இல்லம்மா. கோயில் அங்கதான் இருக்குது."

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. என் கணவர் செல்வத்துக்கு முதுநகரில் டீசல் எஞ்சின் பட்டறை. படகு எஞ்சின், பம்புசெட் எஞ்சின் எல்லாம் பிரித்து மாட்டுகிற மனிதர். மகள் விடுமுறைக்கு அவர் அம்மாவிடம் போய்விடுவாள், சமையல் ஒரு பிரச்சினையில்லை. பிரச்சினை அவருக்குப் புரியாததுதான். "ஓட்டல்ல தோசை ஊத்தறவன் லீவு போட்டுட்டு, வேற ஊருக்குப் போயி தோசை ஊத்துவானா மதி?" என்றார். போய் ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

முதல் வருஷம் எங்கள் கம்பெனி வண்டியிலேயே ஏறிவிட்டேன். அது தப்பு. ஓட்டுநர் கலியமூர்த்தி என்னைப் பார்த்ததும் முன் இருக்கையைக் காலி செய்யவைத்தார், நடத்துநர் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்து, "ஆபீசம்மா, கோயிலுக்கா?" என்றார். தலையை ஆட்டினேன். சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்க எனக்கு ஏதோ வேண்டுதல் என்று பரவி, திரும்பி வந்தபோது மூன்று பேர் பிரசாதம் கேட்டார்கள். கடையில் திருநீறு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருஷத்திலிருந்து அரசாங்க பஸ்தான்.

சிதம்பரத்தில் என் கல்லூரித் தோழி நூர்ஜஹான், பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில் ப்ராஜெக்ட் சென்டர் வைத்திருந்தாள். பொறியியல் பிள்ளைகளுக்குக் கடைசி வருஷ ப்ராஜெக்டைத் தட்டி, அச்சடித்து, அட்டை போட்டுக் கொடுக்கிற கடை. மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டால் கடை வெறிச்சென்று கிடக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எனக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தாள். மேலே அவள் வீடு. கத்திரி வெயில். ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் ஒரு வெள்ளை வேட்டி விரித்த மாதிரி கிடக்கும். அதற்கு இந்தப் பக்கம் இருட்டும் மின்விசிறியும் நானும்.

என்ன எழுதுவதென்று நான் யோசித்தே போகவில்லை. முதல் நாள் ஒரு கோடு வரைந்தேன். இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம். அது உப்பனாறு கடலில் சேருகிற முகத்துவாரமாக இருந்தது. கடற்கரைக்கு நான் நாலு மாதமாகப் போகவில்லை. அலைச் சத்தம் கேட்டால் கால் தானாகத் திரும்பிவிடும். இங்கே என் முன்னால் ஒரு கடல், ஒரு பொத்தானில் அணைத்துவிடக்கூடிய கடல். அதில் ஒரு படகை விட்டேன். அது நேராகப் போய்க் கரையில் முட்டி நின்றது. சிரித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு நான் சிரித்த சத்தம் கேட்டு நூர்ஜஹான் மாடிப்படியில் எட்டிப் பார்த்தாள்.

பத்து நாளில் ஒரு கூட்டம் படகுகள். யாரும் அவற்றை ஓட்டவில்லை. ஒவ்வொரு படகுக்கும் ஒரே புத்திதான் கொடுத்திருந்தேன்: முன்னால் போவதைப் பார், பின்னால் வருவதைப் பார், இரண்டுக்கும் நடுவில் சமமாக இரு. நெருங்கினால் மெதுவாகு, விலகினால் விரை. அவ்வளவே. அந்த ஒரு புத்தியை வைத்துக்கொண்டு அவை குறுகலான முகத்துவாரத்தில் ஒன்றையொன்று தொடாமல் உள்ளே வந்தன, வெளியே போயின. கடலுக்குள் போனதும் கலைந்தன, திரும்பும்போது எங்கிருந்தோ வரிசை பிடித்தன. நான் எழுதாத ஒன்று, நான் எழுதியதிலிருந்து எழுந்து நடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல்கள் மடியில் சும்மா கிடந்தன. எப்போது நின்றன என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு மே மாதமும் போனேன். ஒரு வருஷம் நீரோட்டம் சேர்த்தேன். ஒரு வருஷம் காற்று. நூர்ஜஹானால் தாங்க முடியவில்லை. என் பெயரின் பின்பாதி செல்வத்துக்கு, முன்பாதி இவளுக்கு. "வளரு, கடைசி வருஷப் பசங்க கொத்திக்கிட்டுப் போவானுங்கடி. மேல ஒரு இங்கிலீஷ் பேரு போட்டுக் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்பாள். முடியாது என்பேன். "அல்லா உனக்கு அறிவக் குடுத்தான், அத வெச்சுப் பொழைக்கிற வழியக் குடுக்க மறந்துட்டான்" என்று அலுத்துக்கொண்டே சர்பத் கொண்டுவந்து வைப்பாள்.

செல்வமும் ஒருமுறை வந்தார். சொல்லாமல் வந்தார். அண்ணாகிராமம் பக்கம் பம்புசெட் சரிசெய்யப் போனாராம், தோட்டக்காரர் பலாப்பழம் கொடுத்தாராம், அதை எனக்குக் கொடுக்க இவ்வளவு தூரம் தூக்கி வந்தாராம். பழம் வீட்டுக்குத்தானே போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வருஷா வருஷம் தனியாக ஓர் ஊருக்குப் போகிற பெண்டாட்டியைப்பற்றி அக்கம்பக்கத்தில் என்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். இருட்டில் கண் பழகும்வரை நின்றார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

பலாப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "படகுக்காரன் பொண்ணு தண்ணியில்லாம ஓட்டுது" என்று நூர்ஜஹானிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். போகும்போது, வலதுகோடிப் படகுக்கு எஞ்சின் கோளாறு, இழுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான். அதைச் சரிசெய்ய எனக்கு அரை நாள் ஆனது.

இப்படி யாருக்கும் வேண்டாததாக, எனக்கு மட்டும் வேண்டியதாக, அது நாலு வருஷம் பிழைத்தது. 2009இல் சிக்கல் வந்தது.

கடலூர் – சிதம்பரம் சாலையில் ஓடுகிற தனியார் வண்டிகளின் பழக்கம் வெளியாள்களுக்குத் தெரியாது. நடத்துநருக்கும் ஓட்டுநருக்கும் பேட்டா, அன்றைய கலெக்‌ஷனைப் பொறுத்தது. அதனால் முன் வண்டி வேண்டுமென்றே மெதுவாகப் போகும். பின் வண்டிக்காகக் காத்திருக்கிற ஆள்களையும் சேர்த்து அள்ளிக்கொள்ளலாம். இதற்கு உருட்டுவது என்று பெயர். பின் வண்டிக்காரன் காலியான நிறுத்தங்களைப் பார்த்துப் பார்த்துக் கொதித்து, விரட்டிப் பிடித்து, முந்துவான். பிறகு அவன் உருட்டுவான். வேறு வேறு முதலாளிகளின் வண்டிகள் இப்படிச் செய்தால் அது தொழில். எங்கள் வண்டிகள் எங்கள் வண்டிகளுக்கே செய்துகொண்டிருந்தன. ஏப்ரல் கடைசியில், புதுச்சத்திரத்தில், கலியமூர்த்தியின் வண்டிக்குக் குறுக்கே எங்களுடைய பின் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு நடத்துநர்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பயணிகள் இறங்கி வெயிலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, பின்னால் வந்த அரசாங்க பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். இரண்டு பஸ்களும் காலியாகச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தன.

முதலாளி நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். நடேசன் சார் மே முடியும்வரை தவணை வாங்கினார். நான் அதைக் கேட்டுக்கொண்டே பையைக் கட்டினேன். எனக்கு மே மாதம் வந்துவிட்டது.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, மத்தியானம், ஷட்டருக்குக் கீழே ஒரு குடை நுழைந்தது. பிறகு நடேசன் சார். சண்டை போட்ட நாலு பேரின் பழைய டூட்டி விவரங்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று தெரியாமல் அலுவலகத்தில் எல்லாரும் விழித்தார்களாம். போனில் கேட்டிருக்கலாம். கடைப் போனுக்கு அன்று உயிர் இல்லை. எனக்கு அவரை அங்கே பார்த்ததும் திரையை மறைக்கத் தோன்றியது. மறைக்க ஒரு கை போதவில்லை.

"இது இன்னா?"

"முகத்துவாரம் சார்."

"அப்புறம்?"

"படகுங்க. உள்ள வருது, வெளிய போவுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல சார். அவ்ளோதான்."

அவர் அடுத்த அப்புறத்துக்கு வாயெடுத்தார். அது வரவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடேசன் சார் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். உட்கார்ந்தபோது கொஞ்சம் வயதானவராகத் தெரிந்தார். நூர்ஜஹான் சர்பத் வைத்தாள், டம்ளரில் வேர்த்து வழிந்து மேசையில் வட்டம் விழுந்தது, அவர் எடுக்கவில்லை. படகுகள் வந்தன, போயின.

"ஒண்ணுக்கொண்ணு முட்டவே இல்லையே."

முன்னையும் பின்னையும் மட்டும் பார்க்கிற அந்தப் புத்தியைச் சொன்னேன். யார் சொல்லி மெதுவாகப் போகிறது என்று கேட்டார். யாரும் சொல்வதில்லை என்றேன். பிறகு, திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"படகுக்குப் பேட்டா கெடையாது. அதான் ஒழுங்கா போவுது."

அடுத்து என்ன வருமென்று தெரிந்துவிட்டது.

"இத நம்ம ரூட்டுக்குப் போட முடியுமா?"

"இது லீவுல செஞ்சது சார்."

"தெரியும். அதான் உத்தரவு போடல, கேக்கறேன். முடியாதுன்னா முடியாதுன்னுடுங்க. நான் இங்க வந்ததையே மறந்துடறேன். நாலு பேரு வீட்டுக்குப் போறான்னா அது உங்க தப்பு இல்ல."

எழுந்தார், சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தார், குடையை எடுத்துக்கொண்டு குனிந்து வெளியே போனார். ஷட்டருக்கு அடியில் அவர் செருப்பு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

அன்று முழுக்க நடந்தேன். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. கோயிலுக்குள் போகவில்லை. கொடுத்துவிட்டால் அது போய்விடும் என்று தெரியும். ஒரு பொருள் ஒருமுறை உபயோகப்பட்டுவிட்டால் அப்புறம் அதை உபயோகப்படாததாக ஆக்க முடியாது. ஆனால் அந்த நாலு பெயர்கள் என் விரல்களுக்குத் தெரியும். தினமும் தட்டுகிற பெயர்கள். கலியமூர்த்தி, கடல் உள்ளே வந்த வாரத்தில் எங்கள் ஊர்ச் சனங்களை ஏற்றிக்கொண்டு, பேட்டா இல்லாமல், இரவு பகல் பாராமல் ஓட்டியவர். மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். முகத்துவாரத்தை இழுத்து நீட்டினேன். முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர், சிதம்பரம். ஒவ்வொரு படகாக எடுத்து ஒரு பஸ் எண்ணை எழுதினேன். வெள்ளைப் பாய்மரம் போட்டிருந்தேன், அதை அழித்துவிட்டுக் கட்டம் வரைந்தேன். மிச்ச லீவு அப்படிப் போயிற்று.

வேலை செய்தது. நடேசன் சார் முதலாளியிடம் பேசி, அந்த ரூட்டின் பேட்டாவைப் பொதுவாகப் போட்டுப் பிரித்துக் கொடுக்க வைத்தார், அதுதான் பாதி. நிறுத்தங்களில் இருந்த டைம்கீப்பர்கள் வண்டி கடந்ததும் அலுவலகத்துக்குப் போன் செய்வார்கள். திரையைப் பார்த்து, கொஞ்சம் நிறுத்து, கொஞ்சம் விரட்டு என்று அவர்கள் வழியாக ஓட்டுநருக்குச் சொல்வோம். முதல் வாரம் ஏச்சுதான். கலியமூர்த்தி படியேறி வந்து, "இன்னாம்மா, வருஷா வருஷம் சிதம்பரம் போனியே, சாமி கனவுல வந்து டைம் போட்டுக் குடுத்துச்சா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் நாலு பேரும் வேலையில் இருந்தார்கள். கலியமூர்த்தி ஓய்வுபெறும்வரை ஓட்டினார்.

ஒரே ஒரு படகுக்கு மட்டும் நான் எண் எழுதவில்லை. கை போகவில்லை. கடைசியாக மிஞ்சியது அது. அதற்கு ரூட் கொடுக்கவில்லை, முன்னும் பின்னும் பார்க்கிற புத்தியையும் எடுத்துவிட்டேன், அப்படியே திரையில் விட்டேன். அதைப்பற்றி யாரும் போன் செய்ய மாட்டார்கள். அது பாட்டுக்குப் போகும். நடேசன் சார் கண்ணுக்கு அது தப்புமா?

"இதுக்கு நம்பர்?"

"இல்ல சார்."

"டைம்?"

"இல்ல."

பென்சிலை எடுத்தார். கண்ணாடித் திரையிலேயே அதன்மேல் ஒரு டிக் போடுவது மாதிரி காற்றில் கீறினார். "யாராவது கேட்டா ஸ்பேர் வண்டின்னு சொல்லிக்கறேன்" என்றார்.

அடுத்த மே மாதம் போனேன். அதே ஷட்டர், அதே இருட்டு. அங்கேயே விட்டிருந்த பழைய கடலின் நகலைத் திறந்தேன். படகுகள் உள்ளே வந்தன. இரண்டாவது படகு உருட்டுகிறது என்று தோன்றியது. மூன்றாவது நெருங்குகிறது, ஆலப்பாக்கத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும். அணைத்தேன். வேறு ஏதாவது எழுதலாமென்று மரம் ஒன்று வரைந்தேன். கிளை பிரிகிற இடத்தில் எத்தனை பேர் இறங்குவார்கள் என்று கை கணக்கெடுத்தது. டீ குடித்தேன். திரும்ப வந்தேன். திரும்ப டீ குடித்தேன். நாலாம் நாளே ஊருக்கு வந்துவிட்டேன். செல்வம் கேலி செய்யாமல், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்கடுத்த வருஷம் லீவே கேட்கவில்லை. நடேசன் சார் ஓய்வுபெற்றுப் போகும் நாளன்று, "கோயிலுக்குப் போவலியாம்மா?" என்றார். இல்லை சார் என்றேன். அவர் அப்புறம் என்று கேட்கவில்லை.

இந்த வருஷ ஆரம்பத்தில் நானும் விருப்ப ஓய்வு வாங்கினேன். இனி எல்லா நாளும் மே மாதம்தான் என்று நினைத்தேன். இல்லை. கரண்ட் போகும், வரும். கம்ப்யூட்டரைத் திறப்பேன், மூடுவேன். அறை அறையாக நடப்பேன். விரல்கள் மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தன, பருப்பு டப்பாவின்மேல், தலையணையின்மேல். அப்போதுதான் ஜெயந்தியின் போன்.

மறுநாள் காலையில் நானே கூப்பிட்டேன். "அது இப்ப எங்க இருக்குது?" என்றேன்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "ஆலப்பாக்கம் தாண்டி மேடம். ரோட்ட விட்டு எறங்கி கெழக்க போயிக்கிட்டு இருக்குது." பிறகு அவளே கேட்டாள். "கெழக்க கடல்தான மேடம்?"

"எடுக்காத. நான் வர்றேன்."

நான் படியேறிப் போனபோது அவள் எதிரில் டீ ஆடை கட்டிக்கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். திரையின் வலது விளிம்பில் அது மறைந்தது. இடது விளிம்பில் மறுபடி முளைத்தது. மூன்று வருஷமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பேட்டா இல்லை, டைம் இல்லை, என் தயவும் இல்லை.

"இது இன்னா மேடம் நெஜமா?"

"படகு."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்லம்மா."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. ஜெயந்தி, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். அதை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் கம்பெனிச் சொத்து. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தாள். சிதம்பரம் ரூட்டில் வண்டிகள் கணக்காக நின்றன.

கீழே இறங்கினேன். வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பாமல், புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த எங்கள் கம்பெனி வண்டியிலேயே ஏறினேன். புது நடத்துநர், என்னைத் தெரியாது. சிதம்பரம் ஒன்று என்றேன்.

"கோயிலுக்காம்மா?"

"இல்லப்பா. சும்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா போறதுக்கும் டிக்கெட் உண்டும்மா" என்று கிழித்துக் கொடுத்தார்.

முதுநகர் தாண்டியதும் வண்டி வேகம் குறைந்தது. பின் இருக்கையில் ஒருவர், உருட்டுறான் பாரு என்று முனகினார். நான் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டேன். பின்னால் எந்த வண்டி வருகிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை.